ஒல்லாந்துக்கு ஒரு பிணை

ஒல்லாந்தில் வெங்காயத்தைப் பற்றிப் படிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று குணலட்சுமி சொன்னபோது உடுவிலில் ஒரு சனமும் நம்பவில்லை. எங்கடை தோட்டத்தில் இல்லாத வெங்காயமோ? தொண்ணூற்றிரண்டாம் ஆண்டில் வெளிநாடு போறதென்றால் ஏஜென்சிக்காரனைப் பிடித்து, அகதியாய் இறங்கி, பிறகு தம்பி தங்கச்சியைக் கூப்பிடுகிறதுதான் வழக்கம். இவளோ ஒரு வருசம் மேற்படிப்பு, ஆறு மாதம் விதைக் கொம்பனியில் வேலைப் பயிற்சி, அது முடியத் திரும்பி வந்து கம்பஸில் படிப்பிப்பேன் என்கிறாள். "திரும்பி வாறவவாம்!" என்று ஊர் சிரித்தது.

சிரிப்பு கிடக்கட்டும். குடாநாட்டை விட்டு வெளிக்கிட, அதை ஆளுகிற போராளி இயக்கத்தின் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க ஒருவர் பிணை நிற்க வேண்டும். போனவர் திரும்பி வரும்வரை பிணை நின்றவருக்கு எந்தக் காரணத்துக்கும் பாஸ் கிடையாது. பெற்றவர்களின் பிணை செல்லாதென்று முதலிலேயே சொல்லிப்போட்டார்கள். வாய்நிறைய உறவு கொண்டாடுகிற சனத்தின் குணத்தை அப்போதல்லோ பார்க்க வேணும்! சாவகச்சேரி மாமா நடராசாவுக்கு அன்றைக்கென்று இடுப்பை அசைக்கேலாத நாரிப்பிடிப்பு வந்தது. சின்னம்மா தேத்தண்ணி தந்தா, வாழைப்பழம் தந்தா, கையெழுத்தை மட்டும் தரவில்லை.

கேட்காமல் விட்டது ஒருத்தியை மட்டுந்தான். அரியாலைப் பாலேஸ்வரி, குணலட்சுமியோடு கம்பஸில் ஒன்றாய் வேலை செய்கிறவள். கரண்ட் இல்லாத இரவுகளில், ஒரே ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் இருவரும் ஒல்லாந்துக்கு விண்ணப்பம் எழுதினார்கள். குணலட்சுமியை எடுத்தார்கள், பாலேஸ்வரியை விட்டுவிட்டார்கள். அவளிடம் எந்த முகத்தோடு போய்ப் பிணை கேட்பது?

அவளே சைக்கிளில் வந்து இறங்கினாள். "எடியே, ஊரெல்லாம் கேட்டியாம். என்னைக் கேக்க வாய் நோகுதோ?"

"நீயும் அடுத்தமுறை விண்ணப்பம் போடப்போறாய். நான் வராட்டி நீ மாட்டுப்பட்டுப் போவாய், பாலா."

"அப்ப வாவன். ஆர் வேண்டாமெண்டது?"

குணலட்சுமி அழுதுவிட்டாள். "நல்லூரான் ஆணை, வருவன்."

"கண்டறியாத ஆணை. அழுகையை நிப்பாட்டிப்போட்டுச் சைக்கிளில் ஏறு."

பாலேஸ்வரி கையெழுத்து வைத்தாள். குணலட்சுமி கடல்நீரேரியைக் கடக்கக் கிளாலியில் வள்ளம் ஏறினாள். ஏறுமுன் அம்மா நல்லம்மா திருநீறு பூசிக்கொண்டே காதுக்குள் சொன்னா: "அங்கையே நில், பிள்ளை. இஞ்சை வந்து என்ன செய்யப் போறாய்?"

படிப்பு நன்றாகத்தான் போனது. பயிற்சிக்குப் போன கொம்பனியில் வெங்காய அழுகல் நோயைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததைப் பார்த்து, பயிற்சி முடிந்ததும் நிரந்தர வேலை தருகிறோம், கலாநிதிப் பட்டத்துக்கும் படிக்கலாம் என்றார்கள். ஆசை வந்ததோ என்றால், வந்ததுதான். ஒளிப்பானேன்? மேலே குண்டுவிமான இரைச்சல் கேட்டு ஓடி ஒளியத் தேவையில்லாத ஊர். பிறகு சொல்கிறேன் என்று நாளைக் கடத்திக்கொண்டு இருந்தாள். ஆணையிட்டதை நினைத்தால் நெஞ்சு குத்தியது, அம்மா சொன்னதை நினைத்தால் ஆறியது.

அந்த நேரம் பயிற்சியைப் பார்க்கப் பேராசிரியர் வந்தார். போகிற போக்கில், "உன் சிநேகிதி பாலேஸ்வரியை இந்த வருடம் தெரிவு செய்தோம். வரமுடியாது என்று எழுதிவிட்டாள். ஏன்?" என்று கேட்டார்.

குணலட்சுமிக்கு உடனே விளங்கியது: பிணை நின்றவளுக்குப் பாஸ் கிடையாது. பாலா எழுதிய கடிதங்களில் வெயில் இருந்தது, மண்ணெண்ணெய் விலை இருந்தது, இந்தக் கதை மருந்துக்கும் இல்லை. "அவளின் இடத்தை ஆருக்கும் குடுத்திடாதேங்கோ, சேர்," என்று கெஞ்சினாள். தை மாதம் வரை வைத்திருக்கிறேன் என்றார் அவர். அன்று பின்னேரமே கொம்பனிக்குப் போய் வேலை வேண்டாமென்று சொன்னாள். சொல்லிப்போட்டு வெளியே வந்து, பனிக்குள் நின்று விக்கி விக்கி அழுதாள். வேண்டாமென்றதும் ஆசை விட்டுப் போய்விடுமோ?

மார்கழியில் கிளாலிக்கு வருகிற வள்ளத்தில், சவர்க்காரப் பெட்டிகளோடு வந்த வியாபாரிகளுக்கு நடுவில் குந்தியிருந்தாள். ஓட்டி, "பிள்ளை, சனமெல்லாம் வெளியே போக நீ உள்ளே வாறாய், வள்ளம் மாறி ஏறிப்போட்டியோ?" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே அரியாலைக்குப் போனாள். பாலேஸ்வரி கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டு நின்றாள். இவளைக் கண்டதும் கையில் இருந்த சீலை நழுவிச் சேற்றுக்குள் விழுந்தது.

"வந்திட்டன்," என்றாள் குணலட்சுமி, பெருமையாய். "வெளிக்கிடு. உன்ரை இடத்தை மறிச்சு வைச்சிருக்கினம்."

"விசரி! ஆரடி உன்னை வரச்சொன்னது?"

"நீதானே! வாவன் எண்டு சொன்னனி?"

"நீ அழுதுகொண்டு நிண்டாய், சொன்னன். நீ வரமாட்டாய் எண்டு நினைச்சுத்தானடி நான் கையெழுத்தே வைச்சனான்!"

குணலட்சுமி கிணற்றுக்கட்டில் அப்படியே இருந்துவிட்டாள். பாலா என்னை நம்பிக் காத்திருக்கிறாள் என்ற ஒரே நினைப்பில்தான் கடல் கடந்து வந்தாள். அவள் நம்பவேயில்லை. நம்பாமலேயே, தான் வெளிநாடு போகிற வாய்ப்பைத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள்.

"அப்ப உன்ரை படிப்பு?"

பாலேஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டு, விழுந்த சீலையை எடுத்து முறுக்கினாள். அவளுடைய தோள் குலுங்கியது.

குணலட்சுமி எழும்பிப் போய் அவள் கையைப் பிடித்தாள். "சீலையை வை. பாஸ் கேக்கப் போவம்."

"விசர்க்கதை கதையாதை. எனக்கு ஆர் பிணை நிப்பினம்?"

"நான் நிப்பன்," என்றாள் குணலட்சுமி. "நீ வராட்டிலும் நிப்பன்."