உச்சியில் கட்டிய மணி

"அப்பா, கடைசியா வர்றவங்களுக்கும் மணி அடிப்பாங்களா?"

போன வருடம் பந்தயத்துக்குக் கிளம்பும்போது மகள் கேட்டது. பார்சல் அலுவலகத்தில் எடை போடும் வேலை செய்கிற அப்பா, ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டே அடிப்பாங்க என்று சொல்லிவிட்டார். அது பாதிதான் உண்மை. இரண்டு மணி நேரத்துக்குள் மலையுச்சிக்குச் சைக்கிள் மிதித்து வருகிற ஒவ்வொருவருக்கும் ஒரு முறை மணி அடிப்பார்கள். நேரம் முடிந்ததும் மணியின் நாக்கைத் துணியால் கட்டிவிடுவார்கள். அதன் பிறகுதான் அடிவாரத்திலிருந்து வேன் புறப்பட்டு, வழியில் மிஞ்சியவர்களை ஏற்றிக்கொண்டு வரும்.

அந்த வருடம் அவருக்கு மணி அடித்தது. அதுதான் அவரை உறுத்தியது.

மலையேறும் சைக்கிள்காரர்களுக்கு எடையைக் குறைப்பதில் ஒரு பைத்தியம் உண்டு. இவருக்கோ கையருகிலேயே தராசு. ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்து, கடைசியில் மாற்று டியூபையும் கைப்பம்பையும் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். பாறைச் சில்லுகள் உதிர்ந்து கிடக்கும் பெரிய வளைவில் டயர் பஞ்சரானது. பின்னால் வந்த ஒரு பெண் இறங்கினாள். ஹேண்டில்பாரில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தாள். தன்னிடமிருந்த ஒரே டியூபை அவளே மாட்டி, காற்றும் அடித்துக் கொடுத்தாள். அவர் நன்றிகூடச் சொல்லாமல் ஏறி மிதித்தார்.

உச்சியில் வேன் வந்து நின்றபோது அதன் கூரையில் அந்தச் சிவப்பு ரிப்பன் ஆடியது. கொஞ்ச தூரத்திலேயே அவளுக்கும் பஞ்சராம். அவள் இறங்கிய நேரத்தில் அவர் தண்ணீர் குடிப்பதுபோல் திரும்பிக்கொண்டார். அன்றிலிருந்து பிரார்த்தனைக்குக் கண்ணை மூடினாலே அந்த ரிப்பன்தான் முன்னால் வந்தது.

இந்த வருடம் இரண்டு டியூப், ஒரு பம்பு. மனைவியின் தம்பி பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இருக்கட்டும் மாமா, தொந்தியைக் கழட்டி வெச்சுட்டுப் போங்க. நாலு கிலோ மிச்சம்" என்றான். வீடே சிரித்தது. அவர் மட்டும் பையின் வாரை இறுக்கிக் கட்டினார்.

புறப்பட்ட இடத்தில் ரிப்பனைத் தேடினார். கூட்டத்தில் கண்ணில் படவில்லை. ஏற்றம் தொடங்கியதும் தேடவும் முடியவில்லை. மூச்சு நெஞ்சுக்கூட்டுக்குள்ளேயே முட்டியது. ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் தாண்டிப் போய்விட்டார்கள். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார், மறுபடியும் கடிகாரத்தையே பார்த்தார். பெரிய வளைவுக்கு வந்தபோது மீதி மூன்று கிலோமீட்டர், இருபத்தொரு நிமிடம். அவருடைய வேகத்துக்குப் பதினெட்டு நிமிடம் வேண்டும். கடவுளே, டயரைக் காப்பாற்று என்று முணுமுணுத்தபடி சில்லுகளை விலக்கி ஓட்டினார்.

வளைவின் விளிம்புக்கல்லில் அவள் உட்கார்ந்திருந்தாள். பின்சக்கரம் கழற்றிக் கிடந்தது. கையில் பம்பு இருந்தது, டியூப் இல்லை.

கால்கள் இரண்டு சுற்று கூடுதலாகவே மிதித்துவிட்டன. அதை அவர் பிறகு மறக்கவேயில்லை. ஆனாலும் பிரேக்கைப் பிடித்தார்.

டியூபை நீட்டியதும் அவள், "வெச்சுட்டுப் போங்கண்ணா. நான் மாட்டிக்கறேன், உங்களுக்கு நேரமாகுது" என்றாள். சில்லைப் பிடுங்கிய விரலில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அந்தக் கையோடு தனியாக மாட்டினால் பத்து நிமிடம் ஆகும். இரண்டு பேர் சேர்ந்தால் ஐந்து. அவர் மண்டியிட்டு டயரின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

கொண்டு வந்த டியூபைக் கீழே ஒரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டாளாம். "போன வருஷமும் இதே கதைதான். ஒருத்தர் பம்புகூட இல்லாம வந்திருந்தாரு, மகராசன். கொடுத்ததும் திரும்பிக்கூடப் பார்க்கல."

அவர் குனிந்தபடியே இருந்தார். நான்தான் அது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவள் நின்று பேச வேண்டியிருக்கும். சமாதானம் சொல்ல வேண்டியிருக்கும். அவளிடம் அதற்கு நேரமில்லை.

"அவசரத்துல இருந்திருப்பாரு" என்றார்.

"இருக்கும். பாவம், கடிகாரத்தையே பார்த்துட்டிருந்தாரு."

சக்கரத்தைப் பொருத்தி எழுந்தபோது பதினாறு நிமிடம் மிச்சம். அவர் கையசைத்து அவளை முன்னால் அனுப்பினார். அவள் வேகக்காரி. ரிப்பன் வளைவைத் தாண்டி மறைந்தது.

பிறகு அவரும் சாலையும்தான். மேலேயிருந்து சத்தமே வரவில்லை. பதினைந்து நிமிடம் மிதித்த பிறகும் வரவில்லை. மறுபடியும் பஞ்சராகியிருக்குமோ? தான் அவசரத்தில் டியூபை முறுக்கி மாட்டிவிட்டோமோ? விளிம்புக்கற்களை ஒவ்வொன்றாகப் பயந்து பயந்து பார்த்தபடி ஏறினார். எதிலும் அவள் இல்லை.

இன்னும் அரை கிலோமீட்டர் இருந்தபோது, உச்சியிலிருந்து மணி ஒருமுறை அடித்தது.

கடிகாரத்தில் இருபது நொடி மிச்சமிருந்தது. இவ்வளவு நேரமாக வேறு மணியே அடிக்கவில்லை; மற்றவர்கள் எல்லோரும் முன்பே சேர்ந்துவிட்டார்கள். அவருக்கும் உச்சிக்கும் நடுவில் அவள் மட்டும்தான் இருந்தாள். வியர்வையைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். மணியைக் கட்டும் துணி எந்த நிறமோ என்று நினைத்தபடி, மிச்ச ஏற்றத்தை மிதிக்கத் தொடங்கினார்.