தொண்ணூற்றாறு டிகிரியில் ஒரு மாமியார்

என் கணினிக்கும் என் மாமியாருக்கும் சூடு அதிகம். இரண்டையும் எட்ட இருந்து கவனிப்பதே எனக்கு நல்லது.

கணினிக்காவது திரையின் மூலையில் ஓர் எண் ஓடும். பிராசசரின் வெப்பம். நூறைத் தொட்டால் இயந்திரம் தானே அணைந்துவிடும், அதுவரை செய்த வேலை போச்சு. எவனோ வெளிநாட்டில் கழித்துக்கட்டிய பெட்டியை எங்கள் ஊர் கிசுமுவின் வெயிலில் வைத்துக்கொண்டு கல்யாண வீடியோ வெட்டிப் பிழைக்கிறேன். பைபிளைவிட அந்த எண்ணைத்தான் அதிகம் பார்க்கிறேன்.

அன்று ஓடியது கல்யாணம் அல்ல, என் மாமனார் ஒண்டியெக்கின் நினைவுப் படம். சாயங்காலம் தேவாலயத்தில் ஊரே பார்க்கப்போகிறது. எந்த விசேஷத்துக்குப் போனாலும் ஆடாமல் திரும்பாத மனுஷன். அத்தனை ஆட்டத்தையும் சேர்த்திருந்தேன். தயாராக இன்னும் ஒரு மணி நேரம். நடுவில் அணைந்தால் மறுபடி தொடங்க நேரமில்லை. எண் எழுபத்தெட்டு.

அப்போதுதான் மாமியார் வந்தார், கை நிறையப் பின்னல் துணிகளோடு. எங்கள் பக்கம் சோபா, டிவி, ரேடியோ எதுவும் பின்னல் துணி போர்த்தாமல் விருந்தாளி கண்ணில் படக்கூடாது. மாமியார் வீட்டில் தண்ணீர்க் குடத்துக்குக்கூட உடுப்பு உண்டு.

"ஏன்டி அகெச், இது மட்டும் அம்மணமா நிக்குது?" என்று என் மனைவியை அதட்டிவிட்டு, கணினிப் பெட்டிக்கு ஒரு ரோஜாப்பூ உறையை மாட்டிப் பின்பக்கம்வரை இழுத்துவிட்டார். காற்றுத் துவாரமெல்லாம் அடைந்தது.

எண்பத்தைந்து.

எங்கள் லுவோ இனத்தில் மாப்பிள்ளை மாமியார் எதிரே வாயைத் திறப்பதே அதிகம். அவர் போர்த்தியதை உருவுவதும் அவர் காதைப் பிடித்துத் திருகுவதும் ஒன்றுதான். அகெச்சுக்குக் கண்ணைக் காட்டினேன்.

"கண்ணுல தூசியா?" என்றாள் மகராசி.

பெட்டிக்குள் விசிறி மாவு மில்லாக அலறியது.

"இதென்ன இப்படி நடுங்குது? குளிருதோ என்னவோ," என்று மாமியார் இன்னொரு துணியையும் போர்த்தினார்.

தொண்ணூற்றாறு. வழக்கமாவது மண்ணாங்கட்டியாவது! சுவரைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"அத்தை, அதுக்குக் காய்ச்சல். மூலையில இருக்கற நம்பர் நூறாச்சுன்னா இன்னிக்கு மாமா ஆடமாட்டாரு."

மாமியார் எண்ணைப் பார்த்தார். இரண்டு துணிகளையும் ஒரே இழுப்பில் உருவினார். தரையில் உட்கார்ந்து, அதே துணியை மடித்து விசிறத் தொடங்கினார்.

"ஆஸ்பத்திரியிலயும் தலைமாட்டுல இப்படித்தான் ஒரு நம்பர். ராப்பகலா விசிறினேன். அந்த மனுஷனுக்கு இறங்கவே இல்ல."

எண்பத்தொன்பது. எண்பத்துநான்கு.

"இந்தக் கழுதைக்கு இறங்குது பாரு, மாப்ளே." குரல் உடைந்தது.

"நீங்க எழுந்திரிங்க அத்தை, நான் விசிறுறேன்."

"நீ படத்தப் பாரு. அவரு ஆட்டத்துல ஒண்ணு குறைஞ்சாலும் இந்தத் துணிய உனக்குத்தான் போர்த்துவேன்."