வாலசி கேட்ட வரம்

என் தம்பி யோசுவாவின் மூத்த மகன் ஏனோசா பள்ளிக்கூடம் போகிற வழியில் லாரி மோதி இறந்துபோனான். லாரியை ஓட்டியவன் எங்கள் ஊரின் கீழ்க்கோடியில் இருக்கும் சக்காரியா. குடித்திருக்கவில்லை. மழையில் வளைவு தெரியாமல் போயிருக்கிறது.

அடக்கம் முடிந்த மறுநாள் விடிவதற்குள் சக்காரியாவின் சொந்தக்காரர்கள் அத்தனை பேரும் எங்கள் வீட்டு முன்னால் வந்து தரையில் உட்கார்ந்துவிட்டார்கள். நடுவில் சக்காரியா, மெல்லிய பாய் ஒன்றைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்திருந்தான். எங்கள் சவாயித் தீவில் மன்னிப்புக் கேட்கிற முறை அது. நாங்கள் பாயை எடுக்கும்வரை அவன் எழுந்திருக்கக் கூடாது. வெயில் ஏறிய பிறகு யோசுவா இறங்கிப் போய்ப் பாயை எடுத்தான். இரண்டு வீட்டு ஆண்களும் கட்டிப்பிடித்து அழுதார்கள். ஊரைப் பொறுத்தவரை விஷயம் அத்தோடு தீர்ந்தது.

யோசுவாவின் மனைவி வாலசிக்குத் தீரவில்லை. அவள் அன்று வெளியே வரவே இல்லை. கோயில் பாட்டுக்குழுவில் அவள் குரலை வைத்துத்தான் மற்றவர்கள் சுருதி பிடிப்பார்கள். அப்படிப்பட்டவள் பாட்டை விட்டாள். மாலையில் சங்கு ஊதியதும் ஊரே வீட்டுக்குள் ஜெபத்துக்கு உட்காரும்போது அவளும் உட்காருவாள், வாயைத் திறக்க மாட்டாள்.

ஒரு மாலை யோசுவா பழக்கதோஷத்தில் அவளை ஜெபிக்கச் சொல்லிவிட்டான். அவள் கண்ணை மூடிக்கொண்டு நிதானமாகச் சொன்னாள்:

"ஆண்டவரே, சக்காரியாவோட கை முறியணும். அவங்கம்மா என்னை மாதிரி அழணும். ஆமென்."

பிள்ளைகள் ஆமென் சொல்வதா வேண்டாமா என்று தெரியாமல் தகப்பன் முகத்தைப் பார்த்தார்கள். மூத்த நாத்தனாரான நான் அவளைத் திட்டித் தீர்த்துவிட்டு, மறுநாளே போதகரிடம் இழுத்துக்கொண்டு போனேன். அவர் நாலு வார்த்தை கண்டிப்பாரென்று நினைத்தேன். பன்றிகளுக்கு வேலி கட்டிக்கொண்டிருந்தவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவளைப் பார்த்தார்.

"நிஜமாவே அதைத்தான் கேட்டியாம்மா?"

"ஆமாங்கய்யா. வேற எதுவும் வரல. இல்லாததை அழகா ஜோடிச்சுச் சொல்லவா?"

"வேண்டாம். உள்ளதையே சொல்லு. ஆனா ஒரு நாளும் விட்றாத. சொன்னதும் எந்திரிச்சுப் போயிடாம, கொஞ்ச நேரம் அவர்கிட்டயே உக்காந்திரு."

இவருக்குப் போய் வாராவாரம் நல்ல பன்றிக்கறியாகப் பார்த்து அனுப்புகிறோமே என்று வழியெல்லாம் நான் புலம்பினேன்.

ஆனால் வாலசி அவர் சொன்னபடி செய்தாள். கோயிலுக்குப் பின்னால் கடலைப் பார்த்த பாறையில் தினமும் போய் உட்காருவாள். தனியாக விட மனமில்லாமல் நானும் சிப்பி பொறுக்குகிற சாக்கில் போவேன். முதலில் சாபம்தான் காதில் விழும். பிறகு சக்காரியாவின் பெயரைச் சொல்லி அழுகை. சில வாரங்களில் பெயர் மட்டும். அப்புறம் நெடுநேரம் சத்தமே இருக்காது.

இதற்குள் சக்காரியா லாரி ஓட்டுவதை விட்டிருந்தான். கோயிலுக்கு வருவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் கடல் வற்றிக் கிடந்த நேரம். பாறையிலிருந்து வாலசியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"ஆண்டவரே, அந்தப் பையன் சாப்பிட மாட்டேங்கிறானாம். அவனைக் கொஞ்சம் சாப்பிட வையுங்க."

சட்டென்று என் பக்கம் திரும்பினாள்.

"அண்ணி, நான் இப்ப என்ன சொன்னேன்?"

"அவனைச் சாப்பிட வைக்கச் சொன்ன."

"கையை முறிங்கன்னு கேக்கத்தான் வந்தேன். வரல அண்ணி. தேடித் தேடிப் பாக்கறேன், உள்ள அது இல்ல."

அவள் அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அழுது முடித்தபோது அவள் முகம் காய்ச்சல் விட்ட குழந்தையின் முகம்போல் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும், போதகருக்கென்று எடுத்துவைத்திருந்த கூடையைத் தூக்கிக்கொண்டாள். சூடான கல்லில் சுட்ட சீமைப்பலா, தேங்காய்ப்பாலில் வெந்த சேம்பு இலை, ஒரு முழு மீன். கீழ்க்கோடிக்கு நடந்தாள். என்ன ஆகுமோ என்று நானும் பின்னாலேயே ஓடினேன். எங்களைக் கண்டதும் சக்காரியாவின் தாய் என்ன செய்வதென்று தெரியாமல் வாசலிலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாலசி அவள் கையைப் பிடித்துத் தூக்கி உள்ளே கூட்டிப்போனாள். அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

"எந்திரிடா. சாப்பாடு ஆறுது."

"உங்க முகத்தைப் பாக்க முடியல அத்தை."

"என்னைப் பாக்க வேண்டாம். மீனைப் பாத்துச் சாப்பிடு."

அவன் எழுந்து உட்கார்ந்தான். வாலசி முதலில் ஜெபித்தாள். ஏனோசாவைத் தந்ததற்காக நன்றி சொன்னாள், சக்காரியாவைக் காப்பாற்றித் தரும்படி கேட்டாள். அவ்வளவுதான். மாநாடுகளில் மைக் பிடித்து மணிக்கணக்கில் ஜெபிக்கிறவர்களை நான் கேட்டிருக்கிறேன். அவர்களில் யாரிடமும் அப்படியொரு ஜெபத்தைக் கேட்டதில்லை. பிறகு அவள் மீனில் முள் எடுத்து எடுத்து அவன் முன்னால் வைத்தாள். அவன் அழுதுகொண்டே தின்றான்.

இரண்டு வாரம் கழித்துச் சக்காரியா கோயிலுக்கு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தான். அன்று வாலசி பாடினாள்.

எல்லா வேதனையும் போய்விட்டதா என்று பிறகு ஒருநாள் அவளிடம் கேட்டேன். துணி உலர்த்திக்கொண்டிருந்தவள் சிரித்தாள்.

"எங்க போகுது அண்ணி? ஏனோசா சட்டையை எடுத்தா இன்னும் அழத்தான் செய்யறேன். முன்னெல்லாம் அழுதா அப்படியே கிடப்பேன். இப்ப எந்திரிச்சுப் போய் அடுப்பு மூட்ட முடியுது."

மீதித் துணியை அவளோடு சேர்ந்து நானும் உலர்த்தினேன்.