சுண்ணச்சாந்து முகம்

ஆடித் திங்களின் நண்பகல் சாய்ந்த வேளை. மேற்குமலைக் கணவாயின் வழியே மதகு திறந்த வெள்ளமெனப் பாய்ந்துவந்த காற்று, தென்னந்தோப்புகளின் தலைகளைக் கிழக்கு நோக்கி வளைத்து, சோளக்காடுகளில் அலையெழுப்பி, வானளாவிய காற்றாலைகளின் வெண்சிறகுகளைச் சுழற்றிக்கொண்டு, கொங்குநாட்டுச் செம்மண் வெளியெங்கும் ஓலமிட்டுத் திரிந்தது. பல்லடத்திலிருந்து உடுமலைப்பேட்டைக்குச் செல்லும் சாலையில் பழுதுற்று நின்ற பேருந்தைவிட்டு இறங்கி, புழுதிக்கு ஒதுங்க இடம் தேடிய தந்தையும் மகளும், வேம்புகள் சூழ்ந்த பழைய மாளிகையொன்றின் வாயிலில் ‘உலக மாந்தர் அருங்காட்சியகம்’ என்னும் மங்கிய பலகையைக் கண்டு உள்ளே புகுந்தனர்.

தந்தையின் பெயர் சாமுவேல். மகள் கிருபா, கடல்கடந்த நாட்டில் செவிலியாய்ப் பணிபுரிபவள். சித்திரையில் தாய் பொற்கொடி திடுமென மறைந்தபோது, அவள் வானூர்தி ஏறி வந்துசேர்வதற்குள் பெட்டி மூடப்பட்டு, மண்ணும் தள்ளப்பட்டுவிட்டது. அம்முகத்தை இறுதியாய்க் காணாத ஏக்கம் அவள் நெஞ்சில் முள்ளாய்த் தைத்திருக்க, அதைப்பற்றி அவள் வினவியதுமில்லை, அவர் உரைத்ததுமில்லை.

காப்பாளர் திருமூர்த்தி, நெடுநாள் கழித்து ஆளரவம் கேட்டவராய் மகிழ்ந்து விளக்குகளை எரியவிட்டார். ஆப்பிரிக்க முரசுகளையும், பனிநாட்டார் தோலாடைகளையும், தீவினர் சங்குமாலைகளையும் கடந்து கடைசி அறையை அடைந்தால், அங்கே பன்னாட்டு மக்களின் வெளிறிய முகங்கள் கண்மூடியவாறு சுவர் நெடுகத் தொங்கின.

“உசுரோட இருக்கறவங்க மூஞ்சில சாந்தப் பூசி எடுத்த அச்சுங்க. மூச்சுவிட மூக்குல குழல் வெச்சிருப்பாங்களாமுங்க. எல்லாம் வெள்ளக்காரங்க காலத்துல செஞ்சது,” என்றார் திருமூர்த்தி.

ஒரு முகத்தின்முன் கிருபா சிலையானாள். அந்த அகன்ற நெற்றி, இடப்புறம் சற்றே சரிந்த மூக்கு, மூச்சடக்கி இறுகிய இதழ்கள் யாவும் பொற்கொடியுடையனவே! அவள் அம்முகத்தின் புருவத்தைத் தொட, சாந்தில் சிக்கிய மெய்யான மயிரிழையொன்று விரல்நுனியை உரசிற்று. மறுநொடியே அவ்விமைகள் திறந்துவிடுமென அவளுடல் சிலிர்த்தது. கீழேயிருந்த சீட்டில் ‘கூலிப்பெண், கொங்குநாடு’ என்பதன்றி வேறொன்றும் இல்லை.

“அம்மாதானுங்கப்பா,” என்றாள், தந்தையின் பக்கம் திரும்பி.

திருமூர்த்தி இரக்கமுற்று எழுதுகோலை நீட்டினார். “பேரு போடற எடம் சும்மாதான் கெடக்குதுங்க. வேணும்னா உங்கம்மா பேர எழுதிக்குங்க அம்மணி. ஆரு கேக்கப் போறாங்க?”

எழுதுகோலின் முனை சீட்டைத் தொடுமுன் சாமுவேல் அவள் கையைப் பற்றினார்.

“வேண்டாங் கண்ணு. பாத்தா நம்ம சனமாத்தான் தெரியுது. ஆனா இந்தப் புள்ளைக்கும் ஒரு பேரு இருந்திருக்குமில்ல? மூஞ்சிய அப்பவே எடுத்துக்கிட்டாங்க. நாம பேரையும் எடுத்துக்கக் கூடாது.”

“நான் அம்மாவக் கடைசியாப் பாக்கவே இல்லீங்களேப்பா!”

மாதக்கணக்கில் பூட்டிக்கிடந்த அவர் வாய் மெல்லத் திறந்தது. “நான் பாத்தேன் கண்ணு. வா, சொல்றேன்.”

வேறொரு பேருந்தில் உடுமலைப்பேட்டை வரையிலும், தாடை கட்டிய வெண்துணியிலிருந்து நெற்றியில் படிந்த நரைமுடி வரை, ஒன்றும் விடாது அவர் சொல்லிவந்தார். அவள் கண்மூடிக் கேட்டுவந்தாள். பொற்கொடியை எண்ணி அழுவதற்கு இருவர் இருந்தனர். பெயரறியா அப்பெண்ணுக்கோ எவருமிலர். அவள் பெயருக்குரிய இடத்தை வெற்றிடமாகவே விட்டுவந்ததொன்றே அன்று அவளுக்குக் கிடைத்த சிறப்பு.