திரைக்குள் பார்க்க வேண்டியது

ஆடி வெள்ளி காலை, செவிலிமேட்டில் ஒரு சின்ன அம்மன் கோயிலுக்கு ஒரே அலங்காரத்துக்காக இரண்டு பட்டுப்புடவைகள் வந்துவிட்டன. இரண்டு பேர் போனிலும் ரசீது இருந்தது. அதே தேதி, அதே ஆறு மணி.

அம்மனுக்குப் புடவை சாத்த போனில் பதிவு செய்யும் புரோகிராமைக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்த வடிவுக்கு முகம் சுண்டிவிட்டது. பலர் ஒரே நேரத்தில் கேட்டால் ஒவ்வொருவரையும் புரோகிராமுக்குள் ஒரு திரெட், தனி வேலையாள் மாதிரி, கவனிக்கும். அவை ஒன்றின்மேல் ஒன்று எழுதிவிடக் கூடாதென்று எழுதும் இடத்தில் லாக் போட்டிருந்தாள். ஒன்று எழுதி முடித்து வெளியே வந்தால்தான் அடுத்தது உள்ளே போக முடியும். பிறகு எப்படி?

“ஒரே மாப்பிள்ளைய ரெண்டு பொண்ணுக்கு நிச்சயம் பண்ணிட்டு நிக்கிறியேமா,” என்றாள் ரேணுகாம்பாள். இரண்டு புடவைகளில் ஒன்று அவளுடையது; மகனுக்கு வேலை கிடைத்ததற்கான வேண்டுதல்.

மற்றப் புடவையைக் கொண்டுவந்த கமலவேணி சண்டைக்கு வரவில்லை. தன் தறியில் தானே நெய்த புடவையை மார்போடு அணைத்திருந்தாள். அம்மன் உடுத்திக் களைந்ததும் அதை மகள்மேல் போர்த்த வேண்டும், நாளை காலை அவளுக்குப் பிரசவ ஆபரேஷன் என்று தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

ரேணுகாம்பாள் தன் புடவைத் தட்டைக் கீழே வைத்தாள்.

“என் புள்ள வேலைக்குப் போய்க்கினுதான இருக்கான். என்னுத அடுத்த வாரம் கட்டிக்கட்டும். நீ குடுமா.”

விட்டுக்கொடுத்தவளை அம்மன் பார்க்காமல் இருப்பாளா என்ன?

பூசாரி ஆதிகேசவன் புடவையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்த் திரையை இழுத்தார். திரை விழுந்த பிறகுதான் அம்மன்மேல் பழைய புடவை இருக்கிறதா என்று பார்ப்பார். கட்டி முடித்தபின்தான் திரை விலகும். பார்ப்பதும் உள்ளே, கட்டுவதும் உள்ளே. வடிவு சட்டென்று சிரித்துவிட்டாள். அவள் புரோகிராம் இடம் காலியா என்று வெளியே நின்றே பார்த்துவிட்டு, எழுத மட்டும் உள்ளே போயிருக்கிறது. இரண்டு திரெட்டும் காலி என்று பார்த்துக்கொண்டு, ஒழுங்காக வரிசையில் நின்று தப்பு செய்திருக்கின்றன.

மண்டபத் தூணோரம் லேப்டாப்பைத் திறந்து, பார்ப்பதற்கு முன்பே லாக் விழும்படி மாற்றினாள். அடுத்த வெள்ளிக்கு இருவரையும் அவரவர் போனில் ஒரே நேரத்தில் பதிவுப் பொத்தானை அழுத்தச் சொன்னாள். ரேணுகாம்பாளுக்குப் பதிவாயிற்று.

“எனக்கு இடமில்லையாம்பா,” என்றாள் கமலவேணி. காலையிலிருந்து அப்போதுதான் அவள் சிரித்தாள்.

உச்சி பூஜை முடிந்து புடவையைக் களைந்து கொடுத்தபோது அதில் மஞ்சளும் மல்லியும் மணத்தன. ரேணுகாம்பாள் ஓடிப்போய் நடுரோட்டில் நின்று ஆட்டோவை மறித்தாள். கமலவேணி ஏறி உட்கார்ந்து புடவையை மடியில் கிடத்தி, காற்று படாமல் முந்தானையால் மூடிக்கொண்டாள். மேடுபள்ளம் வந்த இடமெல்லாம் ஆட்டோ தானாகவே மெதுவாகப் போனது.