மறுபடி மாமா

பிரசங்கம் முடியப் போகிறது என்பதை நான் போதகரின் குரலை வைத்துக் கண்டுபிடிப்பதில்லை. என் வீட்டுக்காரரின் வலது காலைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஆட ஆரம்பித்துவிடும். டிரைவிங் ஸ்கூல் வாத்தியாராகப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்து மிதித்தே பழகிப்போன கால் அது. கீபோர்டு மெதுவாகக் கடைசிப் பாட்டைத் தொடங்கும். தன்னை மறுபடியும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்க விரும்புகிறவர்கள் முன்னால் வரலாம் என்று போதகர் கையை நீட்டுவார். இவர் எழுந்துவிடுவார். ஏதோ ஒரு தடவை, இரண்டு தடவை என்றால் சரி. அழைப்பு கொடுக்கிற ஒவ்வொரு தடவையும்! புதிதாக வந்தவர்கள் போகலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே இவர் பாதி தூரம் போயிருப்பார். சண்டே ஸ்கூல் வாண்டுகள் இவருக்கு வைத்திருக்கிற பெயர் மறுபடி மாமா.

வாண்டுகளைச் சொல்லிக் குற்றமில்லை. நானே ஒரு நாள் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "என்னை ஒரு தடவைதானே கட்டிக்கிட்டீங்க? ஆண்டவர்கிட்ட மட்டும் என்ன மாசாமாசம்?"

"உன்னையும் தினம் கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். நீதான் கவனிக்கல" என்றார். வாய்க்கு மட்டும் குறைச்சலே கிடையாது.

அந்த வாய்தான் பிரச்சினையே. கோபம் வந்தால் மனிதருக்குக் கண்மண் தெரியாது. கல்யாணமான புதிதில், கிளட்சைச் சரியாக விடவில்லை என்று ஒரு பேங்க் மேனேஜரை நடுரோட்டில் இறக்கிவிட்டுவிட்டு வந்தவர். வீட்டில் ஒரு சொல் முற்றினால் வாரக்கணக்கில் பேச்சு நின்றுவிடும். கதவு அறைபடுகிற சத்தத்தை வைத்தே எந்த அறையில் இருக்கிறார் என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்டவர்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை எழுந்து முன்னால் போனார். மறுநாளே வழக்கம்போலக் கத்தினார். அழைப்பு வந்ததும் மறுபடி போனார். மறுபடி கத்தினார். போய் என்ன பிரயோஜனம், செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம் என்றுதான் அப்போதெல்லாம் நினைத்தேன்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அந்த ஆடுகிற காலை எப்படியாவது கட்டிப்போட வேண்டியிருந்தது. என் மகள் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை செய்கிறாள். அங்கேயே வேலை பார்க்கும் ஒரு பையனும் அவளும் ஒருவரை ஒருவர் விரும்புகிறார்கள். நல்ல பையன். அவன் அப்பாவுக்கு ஆட்சேபணை இல்லை. அம்மாதான் பிடிகொடுக்கவில்லை. கறாரான மனுஷி, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. "உங்க சபைக்கே வர்றோம், ஆராதனை முடிஞ்சு வீட்டுக்கும் வர்றோம், குடும்பத்தைப் பார்த்துட்டுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டார். அவர் வேண்டாம் என்றால் பையன் மீறமாட்டான். என் மகளும் மீறச் சொல்லமாட்டாள்.

அதனால் முந்தின நாளே இவரிடம் கெஞ்சினேன். "நாளைக்கு ஒரு நாள் மட்டும் எழுந்து போகாதீங்க. புதுசா பாக்குறவங்க என்ன நினைப்பாங்க? இவருக்கு என்ன பாவமோ, என்ன குடியோன்னு நினைக்கமாட்டாங்களா?"

"சரி, போகல" என்றார். அவர் வாக்குக் கொடுத்தால் கொடுத்ததுதான். எனக்கு அப்பாடா என்றிருந்தது.

ஆனால் காலையில் நடந்தது வேறு. பாடகர் குழுவில் இருக்கிற மகள் ஒத்திகைக்கு நேரமாகிவிட்டது என்று டிரைவிங் ஸ்கூல் காரைத் தானே ரிவர்ஸ் எடுத்தாள். கேட்டில் உரசிவிட்டாள். பெரிதாக ஒன்றுமில்லை, பெயிண்ட் கொஞ்சம் போயிருந்தது. இவர் பாதி சவரத்தில் வெளியே ஓடிவந்தார்.

"கண்ணை எங்க வச்சிருந்த? ஊருக்கே சொல்லித் தர்றவன் வீட்டுல இந்த லட்சணம்! எதையாவது ஒழுங்கா செய்யத் தெரியுமா உனக்கு? போற வீட்டுலயும் இப்படித்தான் இடிச்சுத் தள்ளப்போற!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வேறு எந்த நாளில் சொல்லியிருந்தாலும் அவள் திருப்பிக் கொடுத்திருப்பாள், அப்பாவுக்குத் தப்பாத மகள். அன்றைக்குச் சாவியைக் கார் மேல் வைத்துவிட்டு நடந்தே போய்விட்டாள்.

ஆலயத்தில் இவர் பெஞ்சின் ஓரத்தில், நடைபாதையை ஒட்டி உட்கார்ந்திருந்தார். அடுத்து நான். எனக்கு அந்தப் பக்கம் பையனின் அம்மா, அப்பா, பையன். முன்னால் பாடகர் குழுவில் மகள் நின்றாள். வீங்கிய கண்ணுக்கு மை போட்டு மறைத்திருந்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

பிரசங்கம் முடிந்தது. கீபோர்டு தொடங்கியது. போதகர் கையை நீட்டினார். இவர் எழுந்திருக்கவில்லை. இரண்டு உள்ளங்கைகளையும் முழங்காலின் மேல் வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். கால் அப்படியும் ஆடியது. பின் வரிசையில் ஒரு வாண்டு, "மறுபடி மாமா போகல!" என்றது. அதன் அம்மா வாயைப் பொத்தினாள்.

எனக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கைகளைப் பார்க்கப் பார்க்க என்னவோ செய்தது. எங்கள் வீட்டில் கதவு அறைபட்டு எவ்வளவு காலமாயிற்று? யோசித்துப் பார்த்தேன், நினைவுக்கே வரவில்லை. இப்போதும் கத்துகிறார்தான். ஆனால் வாரக்கணக்கில் நீண்டது நாள்கணக்காயிற்று. அப்புறம் அன்றைக்குச் சாயங்காலமே சமையலறை வாசலில் வந்து நின்று, "தப்பு என்மேலதான்" என்பார். திட்டு வாங்கிய மாணவர்களின் வீட்டுக்கே போய் அழைப்பு மணியை அடித்திருக்கிறார். ஒரேயடியாகத் திருந்திவிட்டவரோடு நான் வாழவில்லை. ஒவ்வொரு தடவையும் எழுந்து போனவரோடு வாழ்ந்திருக்கிறேன். ஆண்டவரே, இவரைக் கொடுத்தீரே என்று அங்கேயே வாய்விட்டு அழலாம் போலிருந்தது. இன்றைக்கு அவர் போயே ஆகவேண்டிய நாள். நான் பிடித்து உட்காரவைத்திருக்கிறேன்.

அவர் விலாவில் இடித்தேன். "போங்க."

திரும்பிப் பார்த்தார். "வாக்குக் குடுத்துட்டேனே."

"வாங்கினவ நான்தானே? திருப்பித் தர்றேன். போங்க."

"அவங்க...?"

"அவங்களை நான் பாத்துக்கிறேன். எழுந்திரிங்க முதல்ல."

எழுந்து போனார். பையனின் அம்மா தலையைத் திருப்பி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இவரோ எப்போதும் நேராகப் போகிறவர், அன்றைக்குப் பாதியில் நின்றார். பாடகர் குழு பக்கம் திரும்பினார். மகள் நின்றிருந்த வரிசைக்கு முன்னால் போய், தலையைக் குனிந்து ஏதோ சொன்னார். பாட்டு அவர் குரலை விழுங்கிவிட்டது. மகள் பாட்டுப் புத்தகத்தைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டாள்.

"என்ன சொல்றார்?" என்று கேட்டார் பையனின் அம்மா.

பொய் சொல்ல நேரமும் இல்லை, மனசும் இல்லை. "காலையில அவளை ரொம்பத் திட்டிட்டாருங்க. மன்னிப்பு கேக்குறார்."

"இப்படி எல்லார் முன்னாலயுமா?"

"திட்டினது தெருவுலங்க."

அவர் ஒரு நிமிடம் என்னையே பார்த்தார். "எப்பவும் இப்படித்தானா?"

"கோபமும் எப்பவும் வரும். அப்புறம் இதுவும் வரும்."

அவர் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக எழுந்து நின்றார். சரியாகத் தெரியவில்லை என்று எழுந்தாரா, கிளம்பத்தான் எழுந்தாரா, வேறெதற்கா, எனக்குத் தெரியவில்லை. நானும் எழுந்தேன்.

கீபோர்டுக்காரர் அதே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்தார். போதகர் நீட்டிய கையை இறக்காமல் காத்திருந்தார். பாட்டுப் புத்தகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கியது. மை கன்னம் வரை வழிந்திருந்தது. மகள் ஒரு கையை நீட்டி, அவசரத்தில் உள்பக்கமாக மடங்கிக் கிடந்த அவர் சட்டைக் காலரை வெளியே இழுத்து, நீவிச் சரிசெய்தாள். பிறகு அவர் தோளைப் பிடித்து, போதகர் பக்கமாகத் திருப்பிவிட்டாள்.