மிச்சம் வைக்காத விதை

2004 ஆகஸ்டு 12. வடக்குப்பட்டு யாக்கோபு, அரசுச் சான்றட்டை கட்டிய நெல் விதையை வாங்கி விதைத்தார், அது முளைக்கவில்லை.

அவருக்காக நான் எழுதிக் கொடுத்த புகாருக்குப் பின் ஒருவழியாக வந்த விதை ஆய்வாளர், "விதைக்காத மிச்சம் இருக்கா? பரிசோதனைக்கு அனுப்பணும்" என்றார்.

"அல்லாத்தையும் வெதச்சிட்டேன் சார். மண்ணுலதான் கீது, வாரிக்கினு போங்க."

"ஊறின விதை செல்லாதுப்பா. கடையிலயும் அந்தச் சரக்கு தீர்ந்துபோச்சு."

விதை விற்ற கடைக்காரரும் உடன் வந்திருந்தார்; அவர் சிரித்தார்: "பேசாம ஒரகடத்துல கம்பெனி ஷிப்டுக்குப் போயிடு, யாக்கோபு."

யாக்கோபு வெற்றுச் சாக்கை மடித்தார். மறுவிதை வாங்க வழியில்லை. அவ்வாண்டுச் சம்பா போயிற்று.

விற்றவரை விட்டுவிட்டு விதைத்தவரிடமே சான்று கேட்கிறார்கள். ஆகவே, விதை வாங்கும் நீங்கள், விதைக்குமுன் ஒரு படி விதையைச் சான்றட்டையோடு தனியே எடுத்து வையுங்கள்.